வீரனுக்கும் வீட்டுச் செலவு உண்டு

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, அவர்களுள் ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர் ஒவ்வொருவரும் அந்தக் கதைக்குள் உலவும் ஒரு பாத்திரத்தைத் தமக்கென ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் இன்னது செய்கிறது என்று சொல்லி, சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டித் தீர்மானித்துக்கொள்ளும் ஒருவகை விளையாட்டு நம் நாட்டு இளைஞர்களிடையே மெல்ல மெல்ல வேரூன்றி வருகிறது. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மூன்று சிறு புத்தகங்களே இதன் தோற்றுவாய். பெருநகரத்துப் பிள்ளைகளிடம் மட்டுமே இருந்த இந்த விளையாட்டு, விடுமுறைக்கு ஊர் திரும்புவோரின் பைகளில் ஏறி, ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் மலையடிவாரத்தில் கிடக்கும் எங்கள் சேத்தூர் வரையிலும் வந்துவிட்டது. இதைப் பற்றிப் பொதுப் பத்திரிகை ஒன்றில் எழுதத் துணிந்ததற்குக் காரணம், இந்த விளையாட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு விவகாரம், விளையாட்டையே அறியாதவர்களும் யோசிக்கத்தக்க பெரிய விஷயம் ஒன்றைத் தொட்டு நிற்பதாக நான் கருதுவதே.

இந்தக் கதைகளின் வீரர்கள் குகைக்குள் புகுகிறார்கள், அரக்கரோடு பொருகிறார்கள், காவல் பூதத்தை வென்று பொற்குவியலைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே வருகிறார்கள். ஆனால் ஒரு சாகசம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கழியும் நாட்களில் அவர்கள் எங்கே தங்கினார்கள், யார் சமைத்ததை உண்டார்கள், கிழிந்த உடுப்பை யார் தைத்துக் கொடுத்தார்கள், குதிரைக்குக் கொள் வாங்கியது எவர் பணத்தில் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆடுவோரிடையே நெடுங்காலமாக அபிப்பிராய பேதம் உண்டு. சில்லறைக் கணக்கு கதையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று பலர் அதை அடியோடு தள்ளிவிடுகிறார்கள். வேறு சிலர் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் காசு எண்ணி வைக்கிறார்கள். இரண்டும் பிழை என்பதே என் துணிபு. ஜீவனச் செலவை விளையாட்டிலிருந்து நீக்கவும் கூடாது, வெறும் காசுக் கணக்காகச் சுருக்கவும் கூடாது. ஒருவன் யாருடைய சோற்றை உண்டான், அதற்கு ஈடாக யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்ற உறவுக் கணக்காகவே அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் காவிய கர்த்தாக்கள் இந்த விஷயத்தை ஒருபோதும் அற்பமாக எண்ணியதில்லை. மாதவியின் மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து வாங்கிய கோவலன், குலத்தோர் தேடிவைத்த திரவியம் முழுவதையும் கரைத்துவிட்டு, மனைவியின் காற்சிலம்பை முதலாகக் கொண்டு இழந்ததை ஈட்டலாம் என்று மதுரைக்குப் புறப்பட்டதிலிருந்தல்லவா அந்தப் பெருந்துயரம் விளைகிறது? குடும்பச் செலவு என்ற ஒன்றைச் சிலப்பதிகாரத்திலிருந்து எடுத்துவிட்டால் கண்ணகி மதுரையை மிதித்திருக்கவே மாட்டாள். பாரதத்திலும், வில்லெடுத்தால் நிகரில்லாத பாண்டவர் தலைமறைவாக வாழ வேண்டிய ஓராண்டுக்கு விராட நகரில் ஒவ்வொருவரும் ஒரு வேலை தேடிக்கொண்டார்கள்; பீமன் மடைப்பள்ளியில் சமைத்தான், அர்ச்சுனன் அரசகுமாரிக்கு நாட்டியம் கற்பித்தான், நகுலன் குதிரை மேய்த்தான், சகதேவன் பசு மேய்த்தான், திரௌபதி அரசிக்குக் கூந்தல் முடித்தாள். அந்த வேலைகளிலிருந்துதான் கீசகன் கதை முளைக்கிறது. அந்த வேலைகளிலிருந்துதான் பேடி வேடத்தில் தேரேறும் அர்ச்சுனனின் அற்புதமான போரும் முளைக்கிறது. ஜீவனோபாயம் கதைக்குத் தடையாக இருந்ததாக வியாசருக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஒரு சான்று வேண்டுமானால் சிறுபாணாற்றுப்படையைப் பார்க்கலாம். பாணன் ஒருவன் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனை நாடிச் சென்று பரிசில் பெற்று வந்த பிரயாணத்தைச் சொல்லும் அந்த நூலில், பரிசிலைவிட நம் நெஞ்சில் ஆழப் பதிவது அவன் விட்டுவந்த அடுக்களைதான். கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் பால் சுரக்க மாட்டாமல் குரைக்கும் அந்த அடுக்களையில், பசியால் மெலிந்த பெண்ணொருத்தி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, புறங்கூறும் அயலார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்ணுகிறாள். யானையும் தேரும் பரிசிலாகக் கிடைத்தபோது அந்தப் பாணனுக்கு அவை என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்தக் கதவடைத்த அடுக்களையை அறிந்தவரே அறிவர். செலவு எழுதாத கதையில் வரவுக்கு எடை கிடையாது.

மேனாட்டு விளையாட்டு நூல்களும் இதை அறியாதிருக்கவில்லை. 1974இன் அந்த மூன்று புத்தகங்களிலேயே, ஒரு வீரன் தனக்கென்று கோட்டை கட்டிக்கொள்ளும் வரையில், அவன் ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் நூற்றில் ஒரு பங்கைப் பொற்காசாகப் பராமரிப்புக்கு எடுத்து வைக்க வேண்டும் என்ற விதி உண்டு. 1979இல் கைகாக்ஸ் எழுதிய பெருநூல், மாதந்தோறும் வீரன் எட்டிய படிநிலை ஒன்றுக்கு நூறு பொற்காசு தானாகவே கழிந்துவிடும் என்று திட்டப்படுத்தியது. ஐந்தாம் படியில் நிற்கும் வீரன் மாதம் ஐந்நூறு காசு இழந்தே தீர்வான். விதி எளியதுதான், ஆயினும் அந்தக் காசு யார் கையில் சேர்ந்தது, அதனால் யார் வாழ்ந்தார் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வரி வசூல் போலப் பிடுங்கிக்கொள்ளும் அந்த முறையை ஆடுவோர் வெறுத்ததிலும், வெறுத்து முடிவில் கைவிட்டதிலும் நியாயம் இருக்கிறது.

ஆர்ன்சன் இதற்கு மாறான ஒரு வழியைக் கண்டார். 'பிளாக்மூர்' என்ற தம்முடைய ஆட்டத்தில், பொன்னைக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டும் வீரனுக்கு மேன்மை கிடைக்காது. அந்தப் பொன்னை அவன் தன் மனம் நாடும் காரியத்தில் செலவிட்ட பிறகே கிடைக்கும் என்று வைத்தார். மது, பாட்டு, புகழ் முதலியவற்றோடு சமயப் பணியையும் அந்தச் செலவு வகைகளுள் சேர்த்திருந்தார். இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவு வந்தவர், எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியாழ்வார். நந்தவனத்தில் துளசி பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்தவர், மதுரைக்குச் சென்று பாண்டியன் சபையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றார். யானைமேல் ஊர்வலம் வந்தார். அப்புறம் ஊருக்குத் திரும்பி, பெற்ற பொருளைப் பெருமானுக்கே ஆக்கிவிட்டு, பழையபடி பூக்குடலையைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லுகின்றன. கிழி பெற்றதைவிட அதை அவர் செலவிட்ட விதமே அவர் யார் என்பதை நமக்குக் காட்டுகிறது. விளையாட்டின் பாத்திரங்களுக்கும் இது பொருந்தும்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூலின் 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, நாட்செலவை வாழ்க்கைத் தரத்தின்படி வகுத்தது. ஏழை வாழ்க்கைக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு வெள்ளிக்காசு; அடக்கமான வாழ்க்கைக்கு ஒரு பொற்காசு, அதாவது பத்து வெள்ளிக்காசு; பிரபு வாழ்க்கைக்குப் பத்துப் பொற்காசும் அதற்கு மேலும். அதே நூலின் இன்னொரு பக்கத்தில், தொழிற்பயிற்சி இல்லாத கூலியாளுக்கு நாட்கூலி இரண்டு வெள்ளிக்காசு என்று எழுதியிருக்கிறது. இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மனம் துணுக்குறும். கூலியாள் நாள் முழுதும் உழைத்துச் சம்பாதிப்பது ஒரே ஓர் ஆளின் ஏழை வாழ்க்கைக்குச் சரியாகப் போய்விடுகிறது. அவனுடைய மனைவிக்கும் பிள்ளைக்கும் அந்த அட்டவணையில் ஒரு செப்புக்காசும் மிச்சமில்லை. அதே நூலில் உடல் முழுவதையும் மூடும் தகட்டுக் கவசத்தின் விலை 1500 பொற்காசு. கூலியாளின் கணக்கில் அது 7500 நாள் கூலி, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. ஜீவனச் செலவை எழுதுவது சள்ளை என்று தள்ளிவிடும் இளைஞன், தன் வீரன் தோளில் போட்டுக்கொண்டிருப்பது ஒரு குடியானவனின் இருபது ஆண்டு என்பதைக் காணும் சந்தர்ப்பத்தையும் சேர்த்தல்லவா தள்ளிவிடுகிறான்?

எனினும், அந்த நூல்களுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தவை வேறு இரண்டு. 1977இல் மார்க் மில்லர் இயற்றிய 'டிராவலர்' என்னும் விண்வெளி விளையாட்டில், கப்பல் வாங்கிய மாலுமிகள் அதன் ரொக்க விலையில் 240இல் ஒரு பங்கை மாதத் தவணையாக 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். நாற்பது ஆண்டுக் கடன் அது. அந்தத் தவணைதான் அவர்களை ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்குத் துரத்துகிறது. 1985இல் கிரெக் ஸ்டாஃபர்ட் படைத்த 'பென்ட்ராகன்' இன்னும் நுட்பமானது. ஆர்தர் மன்னனின் வீரர்கள் கோடையில் சாகசம் செய்து குளிர்காலத்தில் தத்தம் பண்ணைக்குத் திரும்புகிறார்கள். அந்த ஆண்டு அந்த வீட்டார் எந்தத் தரத்தில் வாழ முடிந்தது என்பதைப் பொறுத்து, லாயத்துக் குதிரை பிழைக்குமா, தொட்டிலிற் கிடக்கும் குழந்தை பிழைக்குமா என்று பகடை உருட்ட வேண்டும். பல ஆண்டுகள் ஆடப்படும் அந்த ஆட்டத்தில் தந்தை மடிந்தபின் மகனே அடுத்த வீரனாக வருவான். ஆகையால் குளிர்காலத்து வீட்டுச் செலவில் செய்த கஞ்சத்தனம், வம்சமே அற்றுப்போவதில் முடியலாம். இங்கே காசு எண்ணுவது குறைவு. ஆனால் ஜீவனம் என்பது கதையின் நடுநாயகமாக நிற்கிறது.

சென்ற கோடையில் என் மருமகன் தன் நண்பர்களைக் கூட்டிவந்து எங்கள் வீட்டு முன்கட்டில் இந்த ஆட்டத்தை ஆடினான். அவர்களுள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஜீவனச் செலவுப் பேச்சு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, நாங்க நாலு பேர் ரூம் எடுத்துத் தங்கியிருக்கோம். மாசம் பிறந்தா வாடகை, கரண்ட் பில், கேஸ், தண்ணி கேன். யார் எவ்வளவு போட்டோம்னு சுவத்துல தாள் ஒட்டி எழுதி வச்சிருக்கோம். இங்க வந்து டிராகனைக் கொன்னுட்டும் வாடகை எழுதணுமா?" என்றாள். இதற்கு ஒரு பதிலும் இல்லை என்பது போல மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

அந்த ஆக்ஷேபத்தை நான் இலேசாக எண்ணவில்லை. இந்த விவகாரத்தில் நான் கேட்ட வாதங்களுள் வலிமை மிக்கது அதுவே. முதற் சம்பளம் வாங்கிய நாள் முதலாகச் சுவரில் ஒட்டிய தாளோடு வாழ்கின்ற ஒரு தலைமுறை, இரண்டு மணி நேரம் அந்தத் தாளை மறந்திருக்க விரும்பினால் அதை யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் அந்தத் தாளில் எழுதியிருப்பது வெறும் தொகை என்பதையும், அந்த அறையில் நால்வரும் ஒருவரை ஒருவர் தாங்கி நிற்பதும், ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டால் மற்றொருத்தி கஞ்சி வைத்துக் கொடுப்பதும் அதில் இடம்பெறுவதில்லை என்பதையும் நான் அவளிடம் சொன்னேன். விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டியது தாளை அன்று, அந்தக் கஞ்சியை. அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா கேளுங்க" என்றாள்.

கதையை நடத்திக்கொண்டிருந்த பையன் (டி.எம். என்பார்கள் அவர்கள்) கெட்டிக்காரன். காசைப் பற்றி ஒன்றும் கேட்காமல், ஒவ்வொருவரிடமும், "ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் அடைமழை. ஓடை எல்லாம் பெருகிக் கிடக்கு. எங்கயும் போக முடியாது. யார் வீட்ல இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டான். வாள்வீரனாக ஆடியவன், பாளையத்துக் காவல்காரர் வீட்டுத் திண்ணையில் கிடந்ததாகவும், இரவில் அவரோடு களத்துக் காவலுக்குப் போனதாகவும் சொன்னான். வேட்டைக்காரனாக ஆடியவன், மலைமேல் பளியர் குடியிருப்பில் தங்கி, அவர்களுக்குத் தேனெடுக்கக் கொடி பிடித்ததாகச் சொன்னான். மந்திரவாதினியாக ஆடிய அந்தப் பெண், குழந்தை பெற்றுப் பலவீனமாகக் கிடந்த ஒரு நெசவாளியின் வீட்டில் சமையலைத் தான் ஏற்றுக்கொண்டு அங்கேயே சாப்பிட்டதாகச் சொன்னாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு காசும் எண்ணப்படவில்லை. ஆனால் மூன்று வீடுகளும் மூன்று கடமைகளும் அந்தக் கதைக்குள் வந்துவிட்டன. பிறகு தை அறுவடை முடிந்து களத்தில் குவித்திருந்த நெல் களவு போனபோது, காவல்காரரின் சோற்றை உண்டவன் சும்மா இருக்க முடியவில்லை. களவைக் கண்டுபிடிக்காவிட்டால் காவல் ஏற்றவரே மதிப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற பழைய வழக்கத்தை நான் எடுத்துச் சொன்னதும், குகையிலிருந்து கொண்டுவந்த பொன்னில் பாதியை அவன் தானாகவே எடுத்து வைத்தான். நண்பர்கள் அவனோடு வாதாடிய வாதம் தெருவுக்கே கேட்டது.

அந்த வழக்கம் நான் புனைந்ததன்று. விசுவநாத நாயக்கர் காலத்தில், தளவாய் அரியநாத முதலியாரின் யோசனைப்படி எழுபத்திரண்டாக வகுக்கப்பட்டவை என்று மரபு சொல்லும் பாளையங்களுள் சேத்தூரும் ஒன்று. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் ஆர்க்காட்டு நவாபையும் கும்பினியாரையும் எதிர்த்து நின்ற நாட்களில் அவருக்குத் துணைநின்ற மேற்குப் பாளையங்களுள் ஒன்று. 1803இன் நிலையான வரித்திட்டத்துக்குப் பிறகு ஜமீனாக மாறி, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரையில் நீடித்தது. பாளையக்காரர் மேலிடத்துக்குக் கப்பம் கட்டினார், அழைத்தபோது படை அனுப்பினார், எல்லைக்குள் காவல் காத்தார். அந்தக் காவலுக்காக ஊர்கள் கொடுத்துவந்த தேசகாவல், தலங்காவல் வரும்படிகளும், துப்புச் சொன்னவனுக்குக் கொடுத்த துப்புக்கூலியும் இந்தப் பக்கத்துப் பழைய வாழ்க்கையின் ரத்த ஓட்டம். காசு புழங்கியதுதான், ஆனால் பெரும்பாலோருடைய ஜீவனம் களத்துமேட்டில்தான் அளக்கப்பட்டது. அறுத்தவனுக்குக் கொத்து, கொல்லனுக்கும் தச்சனுக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் அவரவர் சுதந்திரம் என்ற உரிமைப் பங்கு, கோயிலுக்கு மேரை என்று, பொலி தூற்றிய நெல் வீட்டுக்குப் போவதற்கு முன்பே மரக்கால் மரக்காலாகப் பிரிந்துவிடும். இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்ற திருநெல்வேலிக் கணக்கு எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு இன்றும் வாயில் வரும்.

இப்படிப்பட்ட ஒரு பூமியில் கதை நடத்துகிறவர்கள், ஏதோ ஓர் ஐரோப்பியச் சாலையோரத்து மதுக்கடையின் அறை வாடகையை ஏன் கடன் வாங்க வேண்டும்? மேற்கே மலை, மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், ஓடைகளை ஏந்திக்கொள்ளும் கண்மாய்கள், கண்மாய்க்குக் கீழே வயல், அதற்கும் கீழே கரிசல் என்று எங்கள் பிரதேசத்தின் அமைப்பே ஒரு விளையாட்டுக்குரிய படம். ஆடியில் விதை, ஐப்பசி கார்த்திகையில் மழை, தையில் அறுப்பு, பங்குனி சித்திரையில் வறட்சி என்று ஆண்டை நான்காகப் பிரித்துக்கொண்டு, பருவத்துக்கு ஒருமுறை, இந்தப் பருவத்தில் உன் வீரன் யார் நிழலில், எந்த ஸ்திதியில் வாழ்ந்தான் என்று கேட்டால் போதும். கண்மாய் நிறைந்த ஆண்டில் அவனுக்குச் சோறு போடும் வீடு செழித்திருக்கும். கண்மாய் வறண்ட ஆண்டில் அதே வீட்டார் தாம் உண்ணாமல் விருந்தினனுக்குப் போடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு எந்த வீரன் பொன்முடிப்பை இடுப்பில் பத்திரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்?

சமஸ்தானத்துப் புலவர்களையும் இங்கே மறந்துவிடக் கூடாது. பக்கத்து முகவூரைச் சேர்ந்த கவிராயர் குடும்பத்தார் சேத்தூர் சமஸ்தானத்து வித்துவான்களாக விளங்கியவர்கள், அவர்களுள் மு. ரா. கந்தசாமிக் கவிராயர் தொகுத்த தனிச்செய்யுட் சிந்தாமணி தமிழறிந்தோர் கையில் இருக்க வேண்டிய நூல். தனிப்பாடல்களைப் படிப்பவர், அவற்றில் எத்தனை பாட்டு அரிசிக்கும் சேலைக்கும் குடியிருக்க ஒரு வீட்டுக்கும் பிறந்தவை என்பதைக் காண்பார். பசியோடு நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் காத்திருந்து, சோறு வர நேரமான கோபத்தில் பாடிய காளமேகத்தின் கதையை அறியாதவர் யார்? வாக்கால் வாழும் ஒரு பாத்திரத்தை விளையாட்டில் ஏற்கிறவன், தன் அடுத்த வேளை ஒரு பாட்டில் தொங்குகிறது என்பதை உணர்ந்தால், அந்தப் பாத்திரம் காகிதத்தை விட்டு எழுந்து நடமாடத் தொடங்கிவிடும்.

சத்திரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இராணி மங்கம்மாள் பாதைகளும் சத்திரங்களும் அமைத்த புகழை மதுரை ரயில் நிலையத்தின் எதிரே நிற்கும் சத்திரம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வழிப்போக்கனுக்குச் சோறு விற்பது பாவம் என்று கருதிய ஒரு சமுதாயத்தில், பிரயாணியின் சாப்பாட்டுச் செலவு காசுக் கணக்கில் சூனியமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் பந்தியில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது, யார் கிணற்றில் நீர் மொண்டுகொள்ளலாம், யாருக்கு இன்னொருவர் தூரத்தில் நின்று கையில் ஊற்ற வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. களத்துமேட்டில் முதலில் அளந்துகொண்டவர்கள் உண்டு. எல்லோரும் அளந்த பின் பொக்கும் பதருமாகத் தமக்கு மிஞ்சியதைக் கூட்டி அள்ளிக்கொண்ட கைகளும் உண்டு. கடனுக்குப் பிள்ளைகளைப் பண்ணையில் விட்ட தகப்பன்மாரும் உண்டு. பாளைய காலத்தைக் கதைக்களமாகக் கொள்கிறவர்கள் அதன் வளரி, வேல் ஆகிய ஆயுதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுவது நேர்மை ஆகாது. ஜீவனச் செலவை யாருடைய சோறு என்ற கேள்வியாக வைத்துக்கொண்டால், இந்த அநியாயம் தானாகவே மேசைக்கு வந்து சேரும். அப்போது வீரர்கள் வெல்ல வேண்டிய அரக்கன் குகைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மந்திரத்தால் சோறு வரவழைக்கும் வித்தை கிடைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டு நூல்களில் அப்படிப்பட்ட மந்திரங்கள் இருக்கின்றன. கிடைத்த நாளிலிருந்து உணவுச் செலவை அழித்துவிட்டு ஆடுகிறார்கள். மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்தபோது நம் சாத்தனார் என்ன செய்தார்? ஆதிரை இட்ட முதற் பிச்சையிலிருந்து எடுக்க எடுக்கக் குறையாத சோறு பெருகிற்று, காயசண்டிகையின் தீராப் பசி தீர்ந்தது, ஊரில் உள்ள ஆதுலர் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள், சிறைக்கோட்டமே அறக்கோட்டமாயிற்று. குறையாத பாத்திரம் வந்ததும் அவள் பொறுப்புக் குறையவில்லை, நாட்டுப் பசி முழுவதும் அவள் தோளில் ஏறிற்று. மந்திரவாதியின் சோற்று மந்திரத்துக்கும் கதை நடத்துகிறவர் அந்த விளைவையே வைக்கலாம். மறுநாள் காலையில் அவன் தங்கிய வீட்டு வாசலில் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் நிற்கட்டும்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பகடை என்றதும் சூது என்று பயப்பட வேண்டாம்; இதில் பணயம் இல்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் தமிழில் பேசி, வாதாடி, ஒரு கதையைச் சேர்ந்து கட்டுகிறார்கள். கைப்பேசியைத் தொடாத மூன்று மணி நேரம் இன்று எந்த வீட்டில் கிடைக்கிறது? நூலகங்களும் பள்ளிகளும் விடுமுறை நாட்களில் இதற்கு ஒரு மேசை ஒதுக்கிக் கொடுத்தால் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாலு முழம் வேட்டிக்கும் ஒரு மூட்டை நெல்லுக்கும் உள்ள உறவை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இது நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

ஆடுகிற இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது வேறொன்று. மேனாட்டு அட்டவணையை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளாமல், உங்கள் ஊருக்கென்று ஒரு செலவு அட்டவணையை நீங்களே எழுதுங்கள். ஒரு நாள் நடவுக்கு எத்தனை படி நெல், அறுப்புக்கு எவ்வளவு கொத்து, ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு கம்பு வேண்டும், பஞ்ச காலத்தில் மலையிலிருந்து எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், வைத்தியருக்கு என்ன கொடுத்தார்கள், பிள்ளைப்பேற்றுக்கு வந்த மருத்துவச்சிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதையெல்லாம் அச்சிட்ட புத்தகம் எதுவும் சேத்தூருக்கோ பக்கத்துத் தேவதானத்துக்கோ முகவூருக்கோ தனித்தனியாகச் சொல்லாது. களத்துமேட்டில் நெல்லாகக் கூலி வாங்கியவர்கள் சொல்வார்கள். அவர்களுள் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்தவர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கோடை விடுமுறையிலேயே அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.